ஆற்றுப்படுத்தும் தொகுதியும் வினைவீதமும்

அரோமேட்டிக் வளையத்தில் முன்னரே அமைந்துள்ள ஓர் அணுத்தொகுதி, பின்னர் நிகழும் வினையின் இடத்தையும் விரைவையும் எங்ஙனம் மாற்றுகின்றது என்பது கரிம வேதியியலின் இன்றியமையாப் பாடங்களுள் ஒன்று. இப்பாடம் தமிழிற் கூறப்படும் முறையையும், அதற்கு வாய்த்துள்ள கலைச்சொற்களையும், அச்சொற்கள் ஆய்வுக்கூடத்திற் பட்டுள்ள பாட்டையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். வேதியியற் பாடம் தமிழாராய்ச்சி இதழில் இடம்பெறுதல் எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். சொல் தன் பொருளைச் சரிவர உணர்த்துகின்றதா எனக் காண்டல் தமிழ் கற்றார் கடன். அச்சொல் வேதியியலாரிடை வழங்குவதாயினும் அக்கடன் நீங்குவதில்லை. அன்றியும், யாம் எடுத்துக்கொண்ட சொற்களுள் தலையாயதாகிய 'ஆற்றுப்படுத்தல்' சங்க நூல்களினின்று நேரே ஆய்வுக்கூடத்திற்குச் சென்ற சொல். அதன் நலத்தையும் குறையையும் அறிதற்கு வேதியியலாரினும் பத்துப்பாட்டுப் பயின்றார்க்கே வாய்ப்பு மிகுதி.

வேதியியல் பயிலாதார் பொருட்டுச் செய்தியைச் சுருங்கக் கூறுவாம். 1825ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே பிரித்தெடுத்த பென்சீன் என்னும் நீர்மத்திற்கு, 1865இல் கெக்குலே ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக இணைந்த வடிவத்தைக் கூறினார். கார்பன் ஒவ்வொன்றனோடும் ஒரு ஹைட்ரஜன் உண்டு. ஆறிடங்களும் ஒரு நிகரன; ஆதலின் முதற் பதிலீடு எவ்விடத்து நிகழினும் விளைபொருள் ஒன்றே. ஒரு ஹைட்ரஜன் நீங்கி, அவ்விடத்தில் மெதில் தொகுதியோ குளோரினோ நைட்ரோ தொகுதியோ அமர்ந்தபின் நிலைமை வேறாகின்றது. அதற்கு அடுத்துள்ள ஈரிடங்கள் ஆர்த்தோ. அவற்றிற்கு அப்பாலுள்ள ஈரிடங்கள் மெட்டா. நேரெதிரே உள்ள ஓரிடம் பாரா. இரண்டாவதாகப் புகும் தொகுதி இம்மூவகை இடங்களுள் எதனை அடையும் என்பது ஒரு வினா. பென்சீனை நோக்க அவ்வினை விரையுமா தாழ்க்குமா என்பது மற்றொரு வினா. மெதில் அமர்ந்த வளையமாகிய டொலுயீன், நைட்ரோ ஏற்றத்தில் பென்சீனினும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவுடையது. விளைபொருளிற் பெரும்பகுதி ஆர்த்தோவும் பாராவும் ஆகும். நைட்ரோ அமர்ந்த வளையமோ பென்சீனினும் ஒரு கோடி மடங்குக்கு மேல் தாழ்க்கின்றது. அதன் விளைபொருளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதி மெட்டாவே.

இப்பாடத்திற்குரிய தமிழ்ச்சொற்கள் மிக அண்மைக்காலத்தன. யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் முயற்சியால் 'கெமிஸ்தம்' 1875இல் வெளிவந்தபோது, எலக்ட்ரான் என்னும் பொருளே அறியப்படவில்லை. 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வேங்கடசுப்பையரும் அறிவியற் சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் நிறுவினர். தமிழ்ச்சொற்களை ஆக்குதற்கு எழுந்த அச்சங்கத்தின் இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தமை அக்காலத்தின் நிலையைக் காட்டும். இராசகோபாலாச்சாரியார் பின்னர் 'திண்ணை ரசாயனம்' எழுதினார் என்பதை அன்பர் பலர் அறிவர். அச்சங்கம் தோன்றிய ஆண்டிலும் எலக்ட்ரான் கவர் பொருள் என்னும் கருத்து உருப்பெறவில்லை. இங்கிலாந்தில் இங்கோல்டு அதற்குப் பெயரிட்டது 1930களிலேயே. 1936இல் விபுலாநந்த அடிகள் தலைமையிற் கூடிய சொல்லாக்க மாநாடும், அதன் பயனாக 1938இல் வெளிவந்த 'கலைச்சொற்கள்' தொகுதியும் இவ்வரலாற்றின் அடுத்த படிகள்.

சேலத்தைக் கூறியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அம்மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட நிலத்தில், மரச்சிற்பத்தாற் பெயர்பெற்ற தம்மம்பட்டி உளது. அவ்வூரில் மேல்நிலை வகுப்பைத் தமிழ்வழியிற் கற்ற மாணவன் ஆத்தூரிலோ இராசிபுரத்திலோ சேலத்திலோ வேதியியல் இளமறிவியலிற் சேருங்கால், நூலும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்திற்கு மாறிவிடுகின்றன. ஆய்வுமேசையருகில் ஆசிரியர் வாய்மொழியாகக் கூறும் விளக்கம் மட்டும் தமிழில் எஞ்சும். ஆங்கிலச்சொல் வருமுன் அவன் உள்ளத்தில் கருத்தைப் பிடித்து வைத்திருப்பது பள்ளியிற் கற்ற தமிழ்ச்சொல்லே. அச்சொல் கருத்தைச் சிறிது வளைத்துப் பிடித்திருப்பின், பின்வரும் ஆங்கிலச்சொல்லும் அவ்வளைவின்மீதே அமரும். ஆகலின் இச்சொற்களை ஆராய்தல் வெறும் சொல் விளையாட்டன்று. தம்மம்பட்டி மாணவன் ஒருவன் வேதியியலை உணர்ந்து கற்பானா உருப்போட்டுக் கற்பானா என்பது இதனைச் சார்ந்துள்ளது.

'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல்லை முதற்கண் நோக்குவாம். தமிழ்நாட்டு வேதியியல் வகுப்புகளில் 'ஆர்த்தோ, பாரா ஆற்றுப்படுத்தும் தொகுதி', 'மெட்டா ஆற்றுப்படுத்தும் தொகுதி' என்னும் தொடர்கள் வழங்குகின்றன. 'வழிநடத்தும் தொகுதி' என்பாரும் உளர். இரண்டனுள் முன்னதே சிறந்தது என்பது எம் துணிபு. ஆறு என்பது வழி. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் துறையின. பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படுவான் ஒருவனுக்குத் தான் பெற்ற வளத்தைக் கூறி, வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டுதல் இத்துறையின் பொருள் எனப் புறத்திணையியலால் அறிகின்றோம். இதன் கூறுகள் வேதியியற் பொருளோடு வியக்கத்தக்கவாறு இயைகின்றன. வழிகூறுவோன் முன்னரே பெற்றவன். வளையத்தில் அமர்ந்த தொகுதியும் முன்னரே இடம் பெற்றது. வழிகேட்போன் இல்லாமையுடையான், புகும் பொருளும் எலக்ட்ரான் இல்லாமையால் அதனைத் தேடி வருவது. வழிநடத்துவோன் உடன் நடத்தல் வேண்டும். ஆற்றுப்படுத்துவோன் வழியைச் சொல்லிவிடுப்பதன்றி உடன் செல்வதில்லை. தன்னிடம் பெயராது நிற்கும் மெதில் தொகுதிக்கு ஆற்றுப்படுத்தல் என்னும் வினையே தக்கது. இச்சொல்லைத் தேர்ந்தவர் யாவராயினும் பழந்தமிழில் தோய்ந்தவர் என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்து ஈழத்து வழக்கையும் ஒப்புநோக்குதல் பயனுடைத்து. யாம் 'எலக்ட்ரான் கவர் பொருள்' என்பதனை அவர் 'இலத்திரன்நாடி' என்பர். 'கருக்கவர் பொருள்' என்பதனைக் 'கருநாடி' என்பர். கவர்தல் பறித்தல், நாடுதல் விரும்பித் தேடல். ஆற்றுப்படையில் வரும் பாணனைப் பரிசில் கவர்வான் என யாரும் கூறார். ஆற்றுப்படுத்தல் என்னும் சொல்லை எம்மவரும், நாடி என்னும் சொல்லை ஈழத்தவரும் கண்டனர். இரண்டும் ஒரு நூலில் ஒருங்கு வந்திருப்பின் எத்துணை அழகாக இருந்திருக்கும்!

ஆயின் ஒப்புமை மிக்க அவ்விடத்திலேயே பிழைக்கும் வாயில் திறக்கின்றது. ஆற்றுப்படுத்துவோன் அறிவுடையான்; சேருமிடம் இஃதென அறிந்து கூறுவான். இச்சொல்லைக் கேட்ட மாணவன், 'மெதில் தொகுதி, வரும் நைட்ரோ தொகுதியை ஆர்த்தோ, பாரா இடங்களுக்கு அனுப்புகிறது. மெட்டாவுக்குச் செல்லவிடாது' என்று எழுதுகின்றான். அஃறிணைப் பொருளை வினைமுதலாக்கிக் கூறுதல் மொழியளவில் வழுவன்று. செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறுதலையும் தொல்காப்பியர் வழக்கெனத் தழுவினர். குறை இலக்கணத்தில் இல்லை, பொருளிலேயே உளது. மெதில் யாரையும் எங்கும் அனுப்பவில்லை. வளையத்தின் ஐந்திடங்களிலும் வினை நிகழ்ந்துகொண்டேயிருக்கின்றது. ஓரிடத்தில் விரைந்தும் ஓரிடத்தில் மெல்லவும் நிகழ்கின்றது. விரைந்து நிகழ்ந்த இடத்தின் விளைபொருள் மிகுதியாகத் திரள்கின்றது. அவ்வளவே.

இதனைக் கணக்காற் காட்டுவாம். பென்சீனின் ஆறிடங்களுள் ஒவ்வொன்றின் வீதத்தையும் 1 எனக் கொள்க, மொத்தம் 6. டொலுயீன் 25 மடங்கு விரைவுடைத்தாகலின் அதன் மொத்தம் 150. விளைபொருளில் ஆர்த்தோ 59, மெட்டா 4, பாரா 37 விழுக்காடு என்பது ஏறத்தாழ ஆய்விற் கண்ட பங்கீடு. 150ஐ இவ்வாறு பகுத்து, ஆர்த்தோவும் மெட்டாவும் இவ்விரண்டு இடங்களாகலின் பாதியாக்கினால், ஓர் ஆர்த்தோ இடத்தின் வீதம் 44, ஒரு மெட்டா இடத்தின் வீதம் 3, பாரா இடத்தின் வீதம் 55 எனப் பெறுகின்றோம். மெட்டா இடத்தை நோக்குக. மாணவன் 'செல்லவிடாது' என்று எழுதிய அவ்விடமே பென்சீனின் ஓரிடத்தைவிட மும்மடங்கு விரைவுடையதாக நிற்கின்றது. மெதில் மெட்டாவை அடைக்கவில்லை. அதனையும் திறந்தது, ஏனையவற்றைப் பெரிதும் திறந்தது.

குளோரோபென்சீனிடத்து இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். குளோரின் 'ஆர்த்தோ, பாரா ஆற்றுப்படுத்தும். ஆயின் கிளர்வு நீக்கும்' என்பது மாணவர் விதிவிலக்காக மனப்பாடம் செய்யும் தொடர். பென்சீன் 1 எனின் குளோரோபென்சீனின் நைட்ரோ ஏற்ற வீதம் 0.033. பங்கீடு ஆர்த்தோ 30, மெட்டா 1, பாரா 69 என்ற அளவினது. முற்கூறிய முறையிற் கணக்கிட, ஆர்த்தோ இடம் 0.03, மெட்டா இடம் 0.001, பாரா இடம் 0.14 ஆகின்றன. மூன்றும் ஒன்றிற் குறைந்தனவே. குளோரின் தன் கவர்ச்சியால் வளையத்தின் எலக்ட்ரான் செறிவை இழுத்து எல்லாவிடங்களையும் தாழ்த்துகின்றது. தன்னிடமுள்ள தனி எலக்ட்ரான் இணையை வளையத்திற்கு ஈந்து ஆர்த்தோவிலும் பாராவிலும் அத்தாழ்வைச் சிறிது ஈடுசெய்கின்றது. ஆகலின் அவ்விரண்டும் குறைவாகத் தாழ்ந்த இடங்களேயன்றி வேறல்ல. நைட்ரோ தொகுதியின் 'மெட்டா ஆற்றுப்படுத்த'லும் இத்தகையதே. அங்கும் மெட்டாவுக்கு எந்நலமும் செய்யப்படவில்லை; ஏனையவற்றிற்கு நேர்ந்த கேடு மெட்டாவுக்கு அத்துணை நேரவில்லை. பரிசில் பெறும் ஊருக்கு வழிகாட்டுதலும், எல்லாவூரும் வறண்டபோது சற்றே நீருள்ள ஊரை வந்தவன் தானே கண்டடைதலும் ஒன்றாகா.

எனவே இடம் பற்றிய வினாவும் விரைவு பற்றிய வினாவும் இரண்டல்ல. ஒவ்வோரிடத்தின் வீதத்தையும் அறிந்தால் இடம் தானே பெறப்படும். பாடநூல்களில் இவை இரு தலைப்புகளாகப் பிரிந்து, இரு பட்டியல்களாக நிற்கின்றன. அப்பிரிவு ஆங்கில நூல்களிலும் உண்டு. ஆயினும் ஆங்கிலத்தில் 'செலுத்தும்' என்னும் பொருட்டாய் வெறுஞ்சொல்லாக நிற்பது, தமிழில் ஈராயிரம் ஆண்டு இலக்கியச் சுமையோடு வருகின்றது. சுமை நலமும் தரும். கருத்தை அழுத்தவும் செய்யும்.

இனிக் 'கிளர்வுறுத்தும் தொகுதி', 'கிளர்வு நீக்கும் தொகுதி' என்பனவற்றை எடுத்துக்கொள்வாம். ஈண்டுக் குறை வேறு வகையது. இப்பெயர்கள் விரைவுறுத்தலையும் தாழ்த்தலையும் தொகுதியின் பிறவிக்குணமாக்குகின்றன. ஒருவனை ஈகையன் என்றும் மற்றொருவனைக் கஞ்சன் என்றும் கூறுதல் போல்வது இது. அமெரிக்க வேதியியலார் அம்மெட் 1937இல் வெளியிட்ட சமன்பாடு இக்கருத்தை வேரோடு அசைத்தது. பென்சாயிக் அமிலத்தின் வளையத்தில் ஒரு தொகுதியை வைத்தால் அவ்வமிலத்தின் அயனியாதல் எத்துணை மிகுகின்றது அல்லது குறைகின்றது என அளந்து, தொகுதி ஒவ்வொன்றற்கும் சிக்மா என்னும் எண்ணை அவர் தந்தார். அவ்வெண் இடந்தோறும் வேறுபட்டது. மெத்தாக்சித் தொகுதி பாரா இடத்தில் −0.27, மெட்டா இடத்தில் +0.12. குறியே மாறிவிட்டமை காண்க. பாராவில் நின்று ஈவது, மெட்டாவில் நின்று பறிக்கின்றது. பாராவினின்று ஆக்சிஜனின் எலக்ட்ரான் இணை வளையத்தின் வழியாக அமிலத்தொகுதி வரை சென்றெட்டும். மெட்டாவினின்று அங்ஙனம் எட்டாது, ஆக்சிஜனின் இழுப்பு மட்டுமே எஞ்சும். இத்தொகுதியை ஈகையன் என்பதோ கஞ்சன் என்பதோ?

வினை மாறினும் பெயர் பொய்க்கும். நைட்ரோ தொகுதி 'கிளர்வு நீக்கும்' வகையில் தலையாயது எனப் படிக்கின்றோம். எத்தில் பென்சோயேட்டைக் காரத்தாற் சிதைக்கும் வினையில், பாரா இடத்து நைட்ரோ அமர்ந்தால் வினை ஏறத்தாழ நூறு மடங்கை நெருங்கும் அளவிற்கு விரைகின்றது. காரணம் எளிது. முன்னதில் வளையத்தை நாடி வருவது எலக்ட்ரான் அற்றது. பின்னதில் பக்கக் கிளையின் கார்பனை நாடி வருவது எலக்ட்ரான் மிக்க ஹைட்ராக்சைடு அயனி. வளையத்தின் எலக்ட்ரானை நைட்ரோ இழுத்துக்கொள்ளுதல் ஒன்றற்குத் தடை, மற்றொன்றற்குத் துணை. 'கிளர்வு நீக்கும்' என்னும் எச்சத்தை நைட்ரோவின் இயற்பெயர்போற் கற்ற மாணவன் இவ்விரண்டாம் வினையைக் கண்டு மருள்கின்றான். அல்லது, அதனினும் தீதாக, மருளாமலே தவறான விடை எழுதுகின்றான். அம்மெட் சமன்பாட்டில் தொகுதிக்குரிய எண்ணோடு வினைக்குரிய எண்ணும் வருதல் இதனாலேயே. தொகுதி, இடம், வினை ஆகிய மூன்றும் கூடியவழியே விளைவு பிறக்கும். தமிழில் 'எலக்ட்ரான் ஈயும் தொகுதி', 'எலக்ட்ரான் இழுக்கும் தொகுதி' என்று நிகழ்வதை மட்டும் கூறி, விரைவுறுத்தலை அவ்வவ்வினைக்கு உரியதாக விட்டுவிடுதல் நேரிது.

'வேகம்', 'வீதம்' என்னும் சொற்களின் வேறுபாடும் இங்கே ஆராயற்பாலது. தமிழ்நாட்டில் 'வினைவேகம்' என்றும் ஈழத்தில் 'தாக்கவீதம்' என்றும் வழங்குப. தாக்கம் என்பது எம்மவர் செவிக்கு மோதலையோ பாதிப்பையோ உணர்த்துதலின் அதனை விடுத்து, வினை என்பதையே யாம் கொள்வோம். வீதத்தையோ விட மனமில்லை. வேகம் இயக்கத்தின் விரைவு. வண்டிக்கும் காற்றுக்கும் உரியது. மூலக்கூறுகள் விரைந்து ஓடுவதாக மாணவன் எண்ணுதற்கு அச்சொல் இடந்தருகின்றது. வீதம் பங்கையும் அளவையும் உணர்த்தும். 'ஆளுக்கு இரண்டு வீதம்' எனச் சேலத்துச் சந்தையில் எழுதப்படிக்கத் தெரியாதாரும் கூறுவர். ஒரு நொடிக்கு இத்துணைப் பொருள் மாறிற்று என்பதே வேதியியலார் அளப்பது. அதற்கு வீதமே உரிய சொல். வளையத்தின் 'ஓரிடத்து வீதம்' என மேலே யாம் கணக்கிட்டதனை 'ஓரிடத்து வேகம்' என்று மாற்றிப் படித்துப் பார்க்க. பொருள் நழுவுதல் புலப்படும்.

ஆர்த்தோ, மெட்டா, பாரா என்னும் மூன்றையும் தமிழாக்க வேண்டும் என்பாரோடு யாம் உடன்படவில்லை. கிரேக்கத்தில் அவற்றிற்கு இருந்த பொருள் வேதியியலில் தேய்ந்துவிட்டது. இப்பொழுது அவை பெயரளவினவே. அயற்சொல்லைத் தமிழெழுத்தால் எழுதிக்கொள்ளத் தொல்காப்பியமே இசைவளித்துள்ளது. 'பாரா' என்பது காவலையும், பார்த்தலின் எதிர்மறையையும் நினைப்பூட்டும் என்றால், வகுப்பிற் சிறிது சிரிப்பு எழுமேயன்றிக் கருத்துக் கெடாது. 'அரோமேட்டிக்' என்பதனை 'நறுமண' என்று ஆக்கியது அத்தகையதன்று. மணத்திற்கும் அவ்வளையத்தின் இயல்பிற்கும் இன்று எத்தொடர்பும் இல்லை. பீனாலை ஒருமுறை முகர்ந்த மாணவன் நறுமணச் சேர்மம் என்னும் பெயரை மீண்டும் நம்பான்.

இனி ஆய்வுக்கூடத்திற்குச் செல்வாம். கல்லூரி மாணவரின் செய்முறைக் குறிப்பேடும் ஓர் உரைநடை நூலே. அதனையும் திறனாய்தல் தகும். நோக்கம், தத்துவம், செய்முறை, விளைச்சல், உருகுநிலை என்னும் உறுப்புகளையுடையது அது. அசெட்டனிலைடைப் புரோமினேற்றிப் பாரா-புரோமோ அசெட்டனிலைடு பெறுக; உருகுநிலை 168 பாகை. நைட்ரோபென்சீனை மீண்டும் நைட்ரோ ஏற்றி மெட்டா-டைநைட்ரோபென்சீன் பெறுக. உருகுநிலை 90 பாகை. இரண்டும் நம் கல்லூரிகளில் நெடுங்காலமாகச் செய்யப்படுவன. இவற்றின் முடிவில் மாணவன் அறிவது இடம் ஒன்றே. வீதத்தை அறிய அக்குறிப்பேட்டில் எவ்விடத்தும் காலம் குறிக்கப்படவில்லை.

ஆயினும் நுணுகி நோக்குவார்க்கு வீதம் அக்குறிப்பேட்டிலேயே மறைந்து கிடக்கின்றது. முதற் செய்முறையின் ஏவல் வினைகள் மெல்லியன: 'கரைக்க', 'துளித்துளியாகச் சேர்க்க', 'சிறிது நேரம் வைத்திருக்க'. இரண்டாவதன் ஏவல்களோ கடுமையானவை: அடர் நைட்ரிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துக் 'கொதிநீர்த் தொட்டியிற் சூடாக்குக', 'அவ்வப்போது நன்கு குலுக்குக'. ஒன்று அறைவெப்பத்தில் நிகழ, மற்றொன்றுக்கு நெருப்பும் நேரமும் வேண்டியது எற்றுக்கு? வளையத்தில் முன்னமர்ந்த தொகுதிகளின் வேறுபாட்டால் என்பதே விடை. குறிப்பேடு அதனைச் சொல்வதில்லை. ஆசிரியரும் பெரும்பாலும் கேட்பதில்லை. அனிலீனை நேரே புரோமினேற்றினால் மூன்று புரோமின்கள் ஒருங்கே ஏறிவிடும்; அதனைத் தடுக்கவே அசெட்டைல் தொகுதியால் அடக்கி அசெட்டனிலைடாக்குகின்றனர். அச்செய்முறையின் தோற்றமே வீதத்தைக் குறைக்கும் தேவையிற் பிறந்தது. 'பாதுகாத்தல்' என்னும் ஒரு சொல்லால் இவ்வளவும் மூடப்பட்டுவிட்டது.

காலத்தை அளக்கும் செய்முறை அரிதன்று. பீனால், அனிசோல், அசெட்டனிலைடு ஆகியவற்றைச் சம மோலார் அளவில் அசெட்டிக் அமிலத்திற் கரைத்து, தனித்தனிக் குழாய்களில் எடுத்து, நீர்த்த புரோமின் கரைசலைச் சம அளவிற் சேர்த்து, செந்நிறம் மறையும் நேரத்தைக் குறித்தல் போதும். பீனாலில் நிறம் கண்ணெதிரே மாயும். அனிசோலிற் சிறிது தாழ்க்கும். அசெட்டனிலைடில் மேலும் தாழ்க்கும். புரோமின் தோலையும் மூச்சையும் எரிக்கும் பொருள். ஆதலின் நீர்த்த கரைசலை ஆசிரியரே அளந்து தருதலும், ஆவியை வெளியிழுக்கும் கூண்டினுள் செய்தலும் வேண்டும். பென்சீன் புற்றுநோய் விளைப்பது என அறியப்பட்டபின் அதனை மாணவர் கையிற் கொடாமையே நன்று. ஒப்பிடுதற்கு அஃதில்லாக் குறையைக் கணக்கால் நிரப்பலாம். காரச்சிதைவை அளப்பதும் இயலும்: எத்தில் பென்சோயேட்டையும் அதன் நைட்ரோ வழிப்பொருளையும் நீர்கலந்த ஆல்ககாலில் காரத்தோடு வைத்து, குறித்த நிமிடங்களில் எஞ்சிய காரத்தைப் பினால்ப்தலீன் கொண்டு தரம்பார்த்தல் எவ்வாய்வுக்கூடத்திலும் கூடும். ஒரே மாணவன் ஒரு வாரத்தில் நைட்ரோ தாழ்த்துதலையும் மறு வாரத்தில் நைட்ரோ விரைவுறுத்தலையும் தன் கையாற் காண்பானாயின், பெயர் தொகுதியின் பிறவிக்குணம் என்னும் மயக்கம் ஒழியும்.

இக்கருத்தை விளக்க உவமை வேண்டுவார்க்குத் தம்மம்பட்டியிலேயே ஒன்று உளது. வாகை மரத்திற் சிற்பஞ் செய்வோன் முதலில் மரத்தின் நார் ஓடும் போக்கைக் காண்பான். நாரின் போக்கில் உளி எளிதாகச் செல்லும். எதிர்ப்போக்கில் தடைப்படும், மரம் பிளவுறவும் கூடும். நார் உளியை இவ்விடம் செல்க என்று ஆற்றுப்படுத்துவதில்லை. எப்பக்கம் எளிதோ அப்பக்கம் வெட்டு விரைகின்றது. விரைந்த பக்கமே வடிவமாகின்றது. திசையும் எளிமையும் ஒன்றே என்பதனைச் சிற்பி மகன் ஒருவனுக்கு வேதியியலாசிரியர் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆற்றுப்படையினும் இவ்வுவமை இப்பாடத்திற்கு நெருங்கியது. ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. மரத்தின் நார் உளி படுமுன்னரே உள்ளது. வளையத்திலோ, புகும் பொருள் ஒரு கார்பனோடு பிணைந்து, வளையம் நேர்மின் சுமந்து தத்தளிக்கும் இடைநிலையிலேயே அமர்ந்த தொகுதியின் துணையோ தடையோ முழுதும் வெளிப்படும். அத்துணை மிக்கவிடத்து ஏறவேண்டிய ஆற்றல் மேடு தாழும், வீதம் உயரும். வருவோன் வந்தபின் தோன்றும் நாரை மரத்திற் காட்டவியலாது.

'ஆற்றுப்படுத்தும் தொகுதி' என்னும் சொல்லை நீக்கிவிட வேண்டும் என்பது எம் கருத்தன்று. வழக்கில் நின்ற நற்சொல்லை அகற்றுதல் எளிதுமன்று, நன்றுமன்று. இடம் இன்னதெனச் சுருங்கக் கூறுதற்கு அது நிற்க. காரணங் கூறுமிடத்து அதனைக் கூறாதொழிக. 'மெதில் ஆர்த்தோ, பாரா ஆற்றுப்படுத்துவது ஆகலின் ஆர்த்தோ, பாரா விளைபொருள்கள் தோன்றின' என்னும் விடையில் காரணமே இல்லை. பெயரே காரணம்போல் இருமுறை வந்தது. இத்தொடருக்கு முழு மதிப்பெண் அளிக்கும் விடைத்தாள் முறை மாறுதல் வேண்டும்.

அமர்ந்த தொகுதியையும் புகும் தொகுதியையும் 'பதிலி' என்னும் ஒரே சொல்லாற் குறிப்பது மற்றொரு குழப்பம். 'அமர்தொகுதி', 'புகுதொகுதி' என வினைத்தொகையாக்கினால் இரண்டும் பிரியும், முக்காலமும் அடங்கும். அனிலீனின் நைட்ரோ ஏற்றத்தில் இப்பிரிவு பெரிதும் உதவும். வன்மையான அமிலத்தில் அனிலீன் புரோட்டான் ஏற்று அனிலீனியம் அயனியாகிவிடுதலின், விளைபொருளிற் பாதிக்குச் சற்றே குறைந்த பகுதி மெட்டாவாக வருகின்றது. குடுவையுள் யாம் இட்ட அமர்தொகுதி ஒன்று. வினையின்போது அங்கிருந்த அமர்தொகுதி மற்றொன்று.

ஆர்த்தோ இடத்தைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். அம்மெட் தம் சமன்பாட்டில் ஆர்த்தோவைச் சேர்க்கவில்லை. அங்கு எலக்ட்ரான் ஈகையோடு பருமனும் வந்து கலக்கின்றது. இதனைத் தமிழில் 'கொள்ளிட விளைவு' என்பர். காவிரியின் கிளையாற்றுப் பெயரோடு மயங்கும் என அஞ்சுவார் அஞ்சுக. இடங்கொள்ளுதலால் வரும் விளைவுக்கு அதனினும் செவ்விய பெயர் எமக்குத் தோன்றவில்லை. டொலுயீனில் மெதில் இருந்தவிடத்து அதனினும் பருத்த மூவிணைய பியூட்டைல் தொகுதி அமர்ந்தால், நைட்ரோ ஏற்றத்தில் ஆர்த்தோவின் பங்கு 60 விழுக்காட்டளவினின்று 16 விழுக்காட்டளவிற்கு இறங்குகின்றது. இரண்டும் 'ஆர்த்தோ, பாரா ஆற்றுப்படுத்துவன' என ஒரே வரிசையில் எழுதப்படுகின்றன. அவ்வரிசையின் அருகே ஆர்த்தோ, பாரா ஒவ்வொன்றன் வீதத்தையும் எண்ணாக எழுதிய தமிழ்ப் பட்டியலை அடுத்த பதிப்பிற்கு ஆக்கித் தருதல் வேதியியலாரும் தமிழாசிரியரும் ஓரிடத்து அமர்ந்து செய்யத்தக்க பணி.